ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே செய்து முடிக்கக்கூடிய சிறு வேலை எது?

கேள்வி (பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படையின் பொறுப்பாசிரியர்):
உறுதிமொழி, மரம் நடுவிழா எல்லாம் நடக்கிறது. மறுநாள் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. 30 மாணவர்கள், செலவு 500 ரூபாய்க்குள். பலன் கண்ணில் படவேண்டும். யோசனை சொல்லுங்களேன்.

குழாய்க்காரர்:
ஒழுகும் குழாயில் தொடங்குங்கள் சார். சொட்டும் குழாயின் கீழ் 1 லிட்டர் பாட்டில் வைத்து, நிரம்பும் நேரத்தைக் குறிக்கட்டும். 10 நிமிடத்தில் நிரம்பினால் நாளொன்றுக்கு 144 லிட்டர். கணக்கைப் பிள்ளைகளே போடவேண்டும். நாம் போட்டுக் காட்டினால் அதுவும் இன்னொரு சொற்பொழிவுதான்.

பழைய திருகு குழாய் என்றால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றி மாற்றலாம். சுவரோரம் மரையில் கசிந்தால் டெஃப்லான் டேப் (கசிவை அடைக்கும் மெல்லிய வெள்ளை நாடா), சுமார் 10 சுற்று, மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகாரத் திசையில். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போதே சுருண்டு வந்துவிடும். பிளாஸ்டிக் இணைப்பை அளவுக்கு மீறி முறுக்காதீர்கள், விரிசல் விடும்.

வேலூர்வாசி:
கால்சுற்றில் திறக்கும் புதுக் குழாய்களில் இந்த வாஷர் இருக்காது. உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜையே (தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகம்) மாற்றவேண்டும். பழையதைக் கடைக்கு எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குங்கள்.

கணக்கு டீச்சர்:
குழாய்க்கு இரண்டு பேர் என்று பிரித்துக் கொடுங்கள். எல்லாருக்கும் பொது என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள், உங்கள் கன்றுக்கு நேர்ந்ததும் அதுதான். பழுது பார்த்தபின் மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதட்டும். தலைமையாசிரியரின் அனுமதி முதலிலேயே வேண்டும்.