வயர் கத்திரி: எதைப் பாத்து எடுக்க, எதை அதுல வெட்டாம இருக்க

களியக்காவிளை, வேலைக்குப் புதுசு:
வீட்டு வயரிங், கொஞ்சம் சிசிடிவி. கட்டிங் பிளேயரும் ஸ்ட்ரிப்பரும் கையில இருக்கு. எலக்ட்ரீஷியன் கத்திரின்னு தனியா ஒண்ணு வேணுமா? பாறசாலைக் கடையில நாலு வகை தொங்குது, எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.

குழித்துறை, வீட்டு வயரிங்:
வேணும். பிளேயர் ரெண்டு பக்கமும் நெருக்கி செம்பை நசுக்கித்தான் துண்டாக்கும். 2.5 சதுர மி.மீ. வயர்ல 36 இழை, ஒவ்வொண்ணும் 0.3 மி.மீ. பிளேயர்ல வெட்டினா அந்த நுனி தட்டையா ஆப்பு மாதிரி ஆகிடும், சுவிட்ச் டெர்மினல் துளையில நேரா போகாது. ரெண்டு இழை வெளியே நிக்கும், அதை யாரும் மெனக்கெட்டு உள்ளே தள்ள மாட்டாங்க, நறுக்கி விட்டுருவாங்க. 36-ல ரெண்டு போனா பெருசா தெரியாது. 14 இழை உள்ள 1 சதுர மி.மீ.-ல ரெண்டு போனா ஏழுல ஒரு பங்கு செம்பு போச்சு. கத்திரி சீவி வெட்டுறதால நுனி உருண்டையாவே நிக்கும்.

எடுக்கும்போது முதல்ல அளவைப் பாருங்க. மொத்த நீளம் 130-ல இருந்து 160 மி.மீ.க்குள்ள, அலகு குட்டையா தடியா, கைப்பிடி அதைவிட நீளமா இருக்கணும். தையல் கத்திரி இதுக்கு நேர் எதிர், அலகு நீளம். செம்புல வச்சு அழுத்தினா அலகு ரெண்டும் விலகி வயர் நடுவுல மடங்கிக்கிடும். க்னிபெக்ஸ் கம்பெனியோட 95 05 155 மாடல்ல கடைசி மூணு எண்ணும் மி.மீ. நீளம்தான். க்ளைன் கம்பெனியோட 2100-7 ஐந்தேகால் அங்குலம். இந்த ரெண்டு அளவையும் மனசுல வச்சிட்டு, கடையில தொங்குறதை ஸ்கேல் வச்சு அளந்து பாத்துக்கிடுங்க.

அடுத்தது ஒரு அலகுல பொடிப் பல். ரெண்டும் வழவழன்னு இருந்தா பிவிசி உறை வழுக்கி நுனிப் பக்கம் ஓடும். ரெண்டுலயும் பல் இருந்தா வெட்டு பிசிறும். ஒண்ணுல பல், ஒண்ணு வழவழப்பு, அதுதான் சரி. அச்சாணிக்குப் பக்கத்துல அரைவட்டமா ஒரு பள்ளம் இருக்கணும். தடி வயரெல்லாம் அங்க வச்சுத்தான் வெட்டணும், நுனியில வச்சு இல்ல. அச்சாணிக்குக் கிட்ட வர வர கைக்கு வேண்டிய பலம் குறையும்.

கடையில காந்தம் ஒட்டிப் பாத்து, ‘ஒட்டுது, இது ஸ்டெயின்லெஸ் இல்ல’ன்னு திருப்பிக் குடுக்கிற ஆளுங்க உண்டு. தப்பு. சூடு பண்ணி முறுக்கேத்துற கத்தி ஸ்டீல், 420 மாதிரி, எல்லாம் காந்தத்துல ஒட்டும். ஒட்டாத 304 சாப்பாட்டுத் தட்டுக்கு ஆகும், அலகுக்கு ஆகாது.

கஞ்சிக்கோடு, பேனல் வேலை:
அண்ணாச்சி சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. மூடின கத்திரியை வெளிச்சத்துக்கு நேரா பக்கவாட்டுல பிடிங்க. ரெண்டு அலகுக்கும் நடுவால மெல்லிசா வெளிச்சம் தெரியணும், நுனியிலயும் அச்சாணி கிட்டயும் மட்டும் ஒட்டியிருக்கணும். நீளம் பூரா ஒட்டிக் கிடந்தா அலகுல வளைவு இல்லைன்னு அர்த்தம், கொஞ்சம் தேஞ்சதும் வெட்டாதுங்க. அப்புறம் ஒரு கைப்பிடியை மட்டும் பிடிச்சு இன்னொண்ணைத் தூக்கி விட்டுப் பாருங்க. சடக்குன்னு விழுந்தா தளர்ச்சி, மெதுவா இறங்கி நின்னா சரி. கடைசியா 0.3 இழை ஒண்ணே ஒண்ணை நுனியில வச்சு வெட்டுங்க. அதைக்கூட மடக்குற கத்திரியை அங்கயே மாட்டிட்டு வந்துடுங்க.

அச்சாணியில ரிவெட் அடிச்சதை வாங்காதீங்க. ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருந்தா ஆறு மாசத்துக்கொருக்கா கால் சுத்து முறுக்கி ஓட்டலாம்.

கைப்பிடிக்கு நடுவுல ஃபெரூல் (வயர் நுனியில மாட்டுற சின்ன உலோகக் குழல்) நசுக்குற இடம் சில கத்திரியில வரும். பாக்க அழகா இருக்கும். அவசரத்துக்கு நாலு ஃபெரூல்னா சரி, ஒரு பேனலுக்கு நானூறு அடிக்கணும்னா கை போயிடும், நசுக்கும் ஒரே சீரா வராது. ஃபெரூல் நசுக்குறதுக்குன்னே இருக்கிற தனி கிரிம்பர்தான் எடுக்கணும். ஃபெரூல் கலரை நம்பாதீங்க. ஜெர்மன் முறையில 1.5 கறுப்பு, 2.5 நீலம், ஆனா 0.75-ம் சாம்பல், 4-ம் சாம்பல். அதுவுமில்லாம பாக்கெட்டுக்குப் பாக்கெட் கலர் முறையே மாறும். மேல இருக்கிற எண்ணைப் படிச்சு எடுங்க.

செங்கோட்டை, கேபிள் டிவி, ஃபைபர்:
கத்திரி கெட்டுப் போறது தடியான வயரால இல்ல, உள்ள ஒளிஞ்சிருக்கிற இரும்பால. யாரும் 6 சதுர மி.மீ. செம்பு வெட்டி அலகை உடைக்கல. கம்பி ஒண்ணு, ஒரே ஒரு கம்பி, அலகுல அரிசி அளவுக்குப் பள்ளம் விழும், அதுக்கப்புறம் அந்த இடத்துல செம்பு எப்பவும் மாட்டும்.

டிவிக்கு இழுக்கிற ஆர்ஜி6 கோ-ஆக்ஸ் கேபிள் பலதுல நடுக்கம்பி செம்பு பூசின இரும்பு, 1.02 மி.மீ. வெளிய பாத்தா தங்கம் மாதிரி செம்பு. நுனியைக் கத்தியால சுரண்டினா வெள்ளையா தெரியும், காந்தமும் ஒட்டும். அதுக்குக் கத்திரியைக் கிட்டக் கொண்டு போகாதீங்க. வெளி உறையை, அலுமினியப் பின்னலைக் கத்திரியால வெட்டலாம், நடுக்கம்பிக்குப் பிளேயர்.

வீட்டுக்கு இழுக்கிற ஃபைபர் டிராப் கேபிள்ல மேலே ஒரு தாங்கு கம்பி தனியா ஓடும், அது ஸ்டீல். முதல்ல அதை உறையோட கிழிச்சுப் பிரிச்சிட்டுப் பிளேயர்ல வெட்டணும். மிச்சத்துல ஃபைபருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு குச்சி உண்டு, ஃபைபர் கிளாஸா இருக்கலாம், ஸ்டீலாவும் இருக்கலாம், கேபிளுக்குக் கேபிள் மாறும். ஆரியங்காவு தாண்டி புனலூர் பக்கம் கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) போஸ்ட்டுல கே-ஃபோனுக்கு, அதான் கேரள அரசோட இன்டர்நெட்டுக்கு, இழுத்திருக்கிற வான்வழிக் கேபிளுக்குள்ள மஞ்சள் நூல் இருக்கும், அராமிட், கெவ்லார்னும் சொல்வாங்க. சாதாக் கத்திரியில அது வெட்டுப்படாது, மெல்லும். பஞ்சு மாதிரி விரிஞ்சு ரெண்டு அலகுக்கும் இடையில புகுந்து அச்சாணியைத் தளத்திரும். அதுக்குன்னே பல் வச்ச கெவ்லார் கத்திரி வருது. அது ஒண்ணு தனி, அதுல செம்பு வெட்டாதீங்க. ஃபைபர் நுனிக்கு எந்தக் கத்திரியும் ஆகாது, அதை நேரா உடைக்கிற கிளீவர்தான்.

நெட்வொர்க் கேபிள் கேட்6-க்குப் பயமில்ல, 23 கேஜ், 0.57 மி.மீ. செம்பு. நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் சிலுவையைக் கூட வெட்டிரலாம்.

குழித்துறை, வீட்டு வயரிங்:
செங்கோட்டைக்காரர் சொன்னதுல ஒண்ணு விட்டுப் போச்சு. போஸ்ட்டுல இருந்து வர்ற அலுமினிய சர்வீஸ் வயரோட ஜிஐ கம்பி, துத்தநாகம் பூசின இரும்பு. கட்டுக்கம்பிதானேன்னு நறுக்கினா அதோட கத்திரி சாணைக்குப் போகணும். இரும்புக் கவசம் போட்ட ஆர்மர் கேபிளைச் சொல்லவே வேண்டாம், ஆக்சா பிளேடு.

கூடலூர் (தேனி), பம்புசெட்:
தண்ணிக்குள்ள போற தட்டைக் கேபிளுக்குக் கத்திரி நல்லாவே உதவும், ஆனா முறையா. உள்ள இருக்கிற மூணு வயரையும் (கோர்) சேத்து வச்சு ஒரே அமுக்கா அமுக்காதீங்கண்ணே. 4, 6 சதுர மி.மீ. மூணு சேந்தா கையைத் திருக வேண்டி வரும், திருகினா அலகு விரியும். வெளி உறையை நீளவாக்குல கீறி, கோரைப் பிரிச்சு, ஒவ்வொண்ணா பள்ளத்துல வச்சு நேரா வெட்டுங்க. மூணையும் ஒரே இடத்துல வெட்டவும் கூடாது. ஒண்ணுக்கொண்ணு ரெண்டு அங்குலம் தள்ளித் தள்ளி வெட்டினாத்தான் ஜாயிண்ட் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது, டேப் சுத்தினப்புறம் முண்டா நிக்காது.

தேங்காய் எண்ணெய் விடாதீங்க. இங்க எல்லார் கைக்கும் கிட்ட இருக்கறது அதுதான், அதனாலயே சொல்றேன். நாள்பட்டா பிசுபிசுத்துப் பிவிசித் தூளை இழுத்துப் பிடிக்கும். குமுளி, மூணாறு குளிர்ல அச்சாணிக்குள்ளயே உறைஞ்சு காலையில கத்திரி திறக்காது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். டேப் பசை ஒட்டியிருந்தா முதல்ல மண்ணெண்ணெய்ல துடைச்சிட்டு விடுங்க.

களியக்காவிளை, வேலைக்குப் புதுசு:
பிளாஸ்டிக் பிடி இருக்கே, லைன்ல வெட்டலாமா?

கஞ்சிக்கோடு, பேனல் வேலை:
கூடவே கூடாதுங்க. அந்தப் பிடி கைக்குச் சுகத்துக்கு, கரண்டுக்கு இல்ல. 1000 வோல்ட்டுன்னும் ரெட்டை முக்கோணமும் அச்சடிச்சிருந்தாத்தான் ஐஇசி 60900-ங்கிற சர்வதேசத் தரப்படி சோதிச்ச கருவி. அது இருந்தாலும் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே வாயில வச்சா ஷார்ட் ஷார்ட்தான், அலகு உருகிப் போகும்.

குழித்துறை, வீட்டு வயரிங்:
கேரளத்து வீடுகள்ல இன்னொரு சங்கதி. கரண்டு கசிஞ்சா டிரிப் ஆகிற ஈஎல்சிபி நிறைய வீட்டுல உண்டு. அந்த லைனோட எம்சிபி பிரேக்கரை மட்டும் இறக்கிட்டு, ஃபேஸ்தான் செத்தாச்சேன்னு மூணு கோர் கேபிளை ஒரே வெட்டா வெட்டுவாங்க. கத்திரி வாய்க்குள்ள நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கிடும், வீட்டுல ஃப்ரிட்ஜோ ஃபேனோ ஓடிட்டிருந்தா ஈஎல்சிபி டிரிப் ஆகி மொத்த வீடும் இருட்டு. கத்திரியில குத்தமில்ல. மெயினையே இறக்குங்க, இல்லைன்னா கோரைத் தனித்தனியா வெட்டுங்க. மெயினை இறக்கினப்புறமும் இன்வெர்ட்டர் லைன் உயிரோட இருக்கும், டெஸ்டர் வைக்காம கத்திரி வைக்காதீங்க.

செங்கோட்டை, கேபிள் டிவி, ஃபைபர்:
சாணை பத்தி யாரும் சொல்லல. தெருவுல சக்கரத்தோட வர்றவர் கிட்ட குடுத்தா பொடிப் பல்லை முழுசா தேச்சு வழவழன்னு குடுத்திருவார், அலகு நீலமா மாறியிருந்தா முறுக்கும் போச்சு. வழவழப்பு அலகோட சரிவுப் பக்கத்தை மட்டும், இருக்கிற கோணத்துலயே, ஆயிரம் நம்பர் கல்லுல நாலஞ்சு இழுப்பு இழுங்க. உள் பக்கத்தைத் தேய்க்கவே கூடாது, அந்த வளைவு போனா கத்திரியே போச்சு. பல் அலகைத் தொடாதீங்க.

இடது கைக்காரங்களுக்கு: வலது கைக் கத்திரியை இடது கையால அழுத்தினா விரல் அலகுகளை விலக்கித்தான் தள்ளும். இடக்கைக் கத்திரி கேட்டு வாங்குங்க.

களியக்காவிளை, வேலைக்குப் புதுசு:
கையில இருக்கிற ஆர்ஜி6 சுருள்ல காந்தம் வச்சேன். ஒட்டுது.

செங்கோட்டை, கேபிள் டிவி, ஃபைபர்:
அப்ப அதுக்குப் பிளேயர்.