ஷிவா வீட்டில் நான் இழுத்துப் போட்ட நாற்காலி

இஸ்ரேலில், ஹைஃபாவில் நான் பார்த்துக்கொண்டிருந்த யூதப் பாட்டி போன வருடம் காலமானார். காலையில் உயிர் போனது, சாயங்காலத்துக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பெட்டி கிடையாது. வெள்ளைத் துணியில் சுற்றி அப்படியே குழிக்குள் இறக்கினார்கள்.

வீடு திரும்பியதும் மகன், அடக்கத்துக்கு முன் கழுத்தருகே கிழித்த சட்டையோடு, ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்தார். முட்டிவலிக்காரர். பாவமாக இருந்தது. மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதில் உட்காருங்கள்" என்றேன். கூடம் முழுக்க அமைதி. பக்கத்து வீட்டு அம்மாதான் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: ஏழு நாளும் தாழ்வாகத்தான் உட்காரணும். இந்தத் துக்க வாரத்துக்குப் பெயர் ஷிவா; எபிரேயத்தில் ஷிவா என்றாலே ஏழுதான்.

முதல் சாப்பாடும் அக்கம்பக்கத்திலிருந்துதான் வரணுமாம், நம் ஊர்ச் சாவு வீடு மாதிரியே. அவித்த முட்டையும் மசூர் பருப்பும் வந்தன. பருப்புக்கு வாய் இல்லை, துக்கத்தில் இருப்பவருக்கும் இல்லை என்றார் அந்த அம்மா.

ஒப்பாரி கேட்டு வளர்ந்த எனக்கு அந்த அமைதிதான் தாங்கவில்லை. கதவு பூட்டாமலே கிடக்கும். வருகிறவர்கள் வணக்கம்கூடச் சொல்வதில்லை. துக்கத்தில் இருப்பவர் பேச்செடுத்தால்தான் பேசலாம். ஒருவர் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினார். கிளம்பும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்: சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கம் காக்கிற மற்றவர்களோடு உங்களையும் கடவுள் தேற்றட்டும். பாட்டி போனதற்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்? யாருக்காவது தெரியுமா?

*

அக்கா, நான் எருசலேமில் ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இது புரிந்தது திஷா பாவ் அன்றுதான். யூத நாட்காட்டியில் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள், நம் ஆடி வாக்கில் வரும். எருசலேமில் இருந்த யூதர்களின் இரண்டு ஆலயங்களும் அழிந்த நாளாக அதைக் காக்கிறார்கள். இரண்டாவதை ரோமர்கள் இடித்தது கி.பி. 70இல். அந்த வெயிலிலும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

முந்தின இரவு ஜெப ஆலயத்தில் விளக்குகளைக் குறைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து எருசலேமின் அழிவுக்காக அழும் வேதநூலான புலம்பல் ஆகமத்தை வாசித்தார்கள். கோட்டுப் போட்டவர்கள் காலில்கூட ரப்பர் செருப்பு. தோல் ஆகாது, ஷிவாவில் போலவே. தெரியாமல் ஒருவருக்கு ஷாலோம் என்று வணக்கம் சொல்லிவிட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

தாத்தாவுக்குத் தரையில் உட்கார முடியாது. கால் வைக்கிற மணையில் உட்கார்ந்தார். மறுநாள் உச்சிப்பொழுது கழிந்ததும் மூலையில் இருந்த நாற்காலியைக் காட்டி, "சரி, இப்போது கொண்டுவா" என்றார்.