கடை ருசி நூடுல்ஸ்: வீட்டு வாணலியில் உங்களுக்கு நடந்தது என்ன?

வெங்காயத்தாள்:
சாவ் மின், அதாவது சீனக் கடைகளில் வறுத்துக் கிளறித் தரும் நூடுல்ஸ், வீட்டில் செய்து பார்த்து நான்கு நாளாயிற்று, இன்னும் மனசு ஆறவில்லை. வீட்டில் நான்கு பேர். நானூறு கிராம் முட்டை நூடுல்ஸ், தீக்குச்சி மாதிரி நறுக்கிய காய், கலந்து வைத்த சாஸ், எல்லாம் தயார். வாணலி நன்றாகப் புகைந்தது. பூண்டு போட்டதும் சடசடவென்று பொரிந்தது. கோஸும் கேரட்டும் போட்டபோதுகூட அந்தச் சத்தம் இருந்தது. வெந்த நூடுல்ஸை மொத்தமாகக் கவிழ்த்தேன் பாருங்கள், சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. கிளறக் கிளற அடியில் தண்ணீர் ஊறியது. நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகச் சுற்றியது. ருசி மோசமில்லை, எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆனால் கடை டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு புகைவாசம், அது துளிகூட இல்லை. எந்த இடத்தில் கோட்டை விட்டேன்?

நிலாமுற்றம்:
எனக்கும் இதே கதைதான், பல மாதங்கள். ஒருநாள் வீட்டில் நான் மட்டும். ஒருவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போட்டேன். போட்டுவிட்டுக் கிளறாமல் அரை நிமிடம் சும்மா விட்டேன். புரட்டினால் அடியில் இருந்த இழைகளின் ஓரம் பழுப்பாக முறுகியிருந்தது. அந்த வாசம் வந்தது! நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன். வாணலி புகையும் வரை சூடாக்குங்கள், கொஞ்சமாகப் போடுங்கள். அவ்வளவுதான்.

அடுப்படி:
நிலாமுற்றம் சொல்வதில் பாதிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அளவைக் குறைத்தும் எனக்கு மூன்று முறை கொழகொழவென்றுதான் வந்தது. காரணம் நூடுல்ஸில் இருந்த ஈரம். ஒரு கரண்டி தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் சூட்டைவிட, அதை ஆவியாக்க ஆறு மடங்குக்கும் மேல் சூடு வேண்டும். உணவகத்தில் வோக் என்கிற சீன வாணலி வைக்கும் அடுப்பு 1,00,000 பிடியூ (அடுப்பு ஒரு மணி நேரத்தில் தரும் சூட்டின் அளவு) தாண்டும், அதனால் அவர்களுக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. நம் வீட்டு பர்னர் பெரியதாக இருந்தாலும் 10,000 அல்லது 15,000 பிடியூதான். அதன் பாதிச் சூட்டைத் தண்ணீரே தின்றுவிட்டால் நூடுல்ஸ் எப்படி வறுபடும்?

அதனால் இப்படிச் செய்யுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலசுங்கள், மேலே இருக்கும் மாவுப்பசை போக வேண்டும். உதறி, அகலமான தட்டில் பரப்பி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி வையுங்கள். இருபது நிமிடமாவது காற்றாட இருக்கட்டும். தொட்டுப் பார்த்தால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. காயைத் தனியாக வதக்கி எடுத்து வையுங்கள், முளைப்பயறு விடும் தண்ணீரே ஒரு கிண்ணம் வரும். இறைச்சி சேர்ப்பதாக இருந்தால் மெல்லிய துண்டுகளில் சோள மாவும் கொஞ்சம் சோயா சாஸும் பிசிறி, அதையும் தனியாக வறுத்து எடுங்கள். கடைசியில்தான் எல்லாம் ஒன்று சேர வேண்டும். வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெயை அடுப்பை அணைத்த பிறகு அரைக் கரண்டி விடுங்கள், தீயில் விட்டால் வாசம் போய்விடும். வறுக்காத எள்ளின் எண்ணெயில் அந்த மணம் வராது.

மழைக்காலம்:
என் கதை சோயா சாஸ் பற்றியது. பாட்டிலில் 'லைட்' என்று இருந்ததும் உப்பு குறைந்தது என்று நினைத்துவிட்டேன். நான்கு கரண்டி ஊற்றினேன். நிறம் வரவில்லையே என்று 'டார்க்' பாட்டிலிலிருந்து இன்னும் மூன்று. அப்பா முதல் வாய் எடுத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. தண்ணீர்ச் செம்பை மட்டும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. லைட் என்பது நிறத்தில்தான் இளசு, உப்பு அதில்தான் தூக்கல். டார்க் நிறத்துக்கு, கெட்டியாக லேசான இனிப்போடு இருக்கும். இப்போது இரண்டு பேருக்கு லைட் ஒன்றரை மேசைக்கரண்டி, டார்க் அரை மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போவதில்லை.

கோதுமைமணி:
முட்டை நூடுல்ஸ் கிடைக்காத ஒரு நாள் ஸ்பகெட்டியைச் சமையல் சோடா போட்ட தண்ணீரில் வேக வைத்தேன், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. சோடா விழுந்ததும் தண்ணீர் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்துவிட்டது, பெரிய பாத்திரமாக எடுங்கள். ஆனால் வடித்தபோது பார்த்தால் இழை மஞ்சளித்து, வழுக்கலாக, கடித்தால் துள்ளுகிற பதத்தில் இருந்தது! மூடியைத் திறந்ததும் அந்த நூடுல்ஸ் வாசனையேதான். நன்றாக அலசிவிட்டால் சோடாக் கசப்பு தெரியாது.

அடுப்படி:
ஸ்பகெட்டியில் செய்தால் அது சாவ் மின் ஆகாது, கோதுமைமணி. ருசி நன்றாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

கோதுமைமணி:
ஏன் ஆகாது? அந்த மஞ்சள் நூடுல்ஸில் இருப்பதும் கோதுமையும் காரமும் (மிளகாய்க் காரம் அல்ல, சோடா மாதிரியான ஆல்கலி) தானே? காரம் பட்டால் கோதுமை மாவு மஞ்சளாகும், பசை இறுகும். அங்கே மாவிலேயே கார உப்பைச் சேர்த்துப் பிசைகிறார்கள், நான் வேகும் தண்ணீரில் சேர்த்தேன். அதே அளவு இறுக்கம் வராது, அது உண்மை. கடையில் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்றும் யோசியுங்கள்.

இரும்புச்சட்டி:
மேலே நிலாமுற்றம் "புகையும் வரை சூடாக்குங்கள்" என்று எழுதியிருக்கிறார். எந்தப் பாத்திரத்தை என்று சொல்லவில்லை, அதுதான் என்னை எழுத வைத்தது. நான் அப்படியே நம்பி நான்ஸ்டிக் வாணலியைக் காலியாகப் பெரிய தீயில் வைத்துவிட்டு வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று தொண்டையைப் பிடிக்கிற ஒரு நாற்றம். வாணலியின் நடுவில் பூச்சு மங்கிப்போயிருந்தது. ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றேன். அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதைய ஆரம்பிக்கும், அந்தப் புகை மனிதருக்கும் ஆகாது, கூண்டுப் பறவைகளைக் கொன்றே விடும். தயவுசெய்து இரும்போ கார்பன் ஸ்டீலோ மட்டும் இந்த வேலைக்கு எடுங்கள். மேல்பரப்பு தட்டையான அடுப்பென்றால் அடி தட்டையான வாணலிதான் சூடு பிடிக்கும்.

நிலாமுற்றம்:
மன்னியுங்கள், இரும்புச்சட்டி. என்னிடம் இருப்பது இரும்பு என்பதால் சொல்லத் தோன்றவில்லை. குழந்தை நலம்தானே?

இரும்புச்சட்டி:
நலம். நன்றி.

தாழ்வாரம்:
நீங்கள் தீ, ஈரம் என்று பேசுகிறீர்கள். எனக்கு நினைவில் இருப்பது ஒரு கை. பக்கத்து வீட்டில் ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். 'சாவ்' என்றால் வறுத்துக் கிளறுவது, 'மின்' என்றால் கோதுமை நூடுல்ஸ், 'லோ மின்' என்றால் சாஸில் கலந்து எடுப்பது என்று சொல்லித் தந்தவர் அவர்தான். அந்தப் புகைவாசத்தை 'வோக் ஹேய்', வாணலியின் மூச்சு என்பார். ஒருநாள் காலை அவர் சோயா சாஸ் நூடுல்ஸ் செய்ததைக் கூடவே நின்று பார்த்தேன். முளைப்பயறும் வெங்காயத்தாளும் தவிர வேறு காயே இல்லை. கரண்டியைத் தொடவில்லை. நீளமான குச்சிகளால் நூடுல்ஸைத் தூக்கி, பிரித்து, விட்டார். சாஸை நூடுல்ஸ் மேல் ஊற்றவில்லை. வாணலியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடாக விட்டார். அது சூடான இரும்பில் பட்டுச் சீறி, நுரைத்து, லேசாகக் கருகியபடியே கீழே இறங்கி நூடுல்ஸைத் தொட்டது. சமையலறை முழுக்க அந்த வாசம்.

சின்னக் கிண்ணத்தில் முன்கூட்டியே கலந்து வைத்திருந்தார். லைட், டார்க், சர்க்கரை தெரிந்தது. நான்காவதாக ஒன்று இருந்தது, நிறமில்லாதது, அது என்னவென்று கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது பாட்டி தன் மகள் வீட்டோடு போய்விட்டார். நானும் எதையெதையோ ஊற்றிப் பார்த்துவிட்டேன், அந்த வாசம் வரவில்லை.

வெங்காயத்தாள்:
எல்லோருக்கும் நன்றி. இன்று மறுபடி செய்தேன். மத்தியானமே வடித்து, தட்டில் பரப்பிக் காயவிட்டேன். நூறு நூறு கிராமாக நான்கு தடவை. சாஸைத் தாழ்வாரம் சொன்னபடி விளிம்பில் விட்டேன், சீறியது! நூடுல்ஸ் விழுந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. அந்த வாசம் முழுசாக இல்லை, ஆனால் வந்தது, பெரியவன் அறையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். ஒரே சிக்கல், நான்காவது தட்டு இறங்கும்போது முதல் தட்டு ஆறிப்போய்விட்டது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. இதற்கு நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?