விடியற்காலப் பனோரமா: வெளிச்சமும் நிறமும் ஒட்டாமற்போன அனுபவங்கள்

பேரைக்கரையான்

ஒட்டி ஒரே அகலப் படமாக, அதாவது பனோரமாவாக ஆக்குவதற்கென்று, கொழும்பில் பேரை வாவியின் மேற்குக் கரையில் நின்று, இடப்பக்கம் தாமரைக் கோபுரம் தொடங்கி வலப்பக்கம் சீமா மாலகை விகாரை வரையில் ஒன்பது படங்களை நெடுக்குவாட்டில் எடுத்தேன். முக்காலி, வெளிச்ச அளவைக் கையால் பூட்டும் மனுவல், துவாரம் எஃப் 8, உணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்று எல்லாவற்றையும் ஒழுங்காகவே வைத்திருந்தேன். ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சமன்செய்யும் வைற் பாலன்ஸை மட்டும் ஓட்டோவில் விட்டுவிட்டேன். நான்காவது படத்துக்கும் ஐந்தாவது படத்துக்கும் நடுவில், எதிர்க்கரை வீதி விளக்குகள் அத்தனையும் ஒரே நொடியில் அணைந்தன.

செம்மஞ்சள் விளக்கொளியைக் கண்ட கமரா முதல் நான்கு படங்களை நீலத்துக்கு இழுத்திருந்தது. அடுத்த ஐந்தும் பால் தேநீர் நிறத்தில் இருந்தன. ஒட்டிப் பார்த்தபோது கொம்பனித்தெருவுக்கு மேலே வானத்தில் ஒரு மதில் எழுந்து நின்றது. நிறத்தைப் பிறகும் மாற்றக்கூடிய றோ கோப்புகளாக இருந்தபடியால், ஒன்பதுக்கும் வைற் பாலன்ஸை 5200 கெல்வின் என்று ஒரே அளவில் கொடுத்ததும் அந்த மதில் மறைந்தது. சூரியன் இருந்த பகுதியையும் கோபுரப் பக்கத்தையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். ஆனால் ஒரே வீதியில் பாதி விளக்குகள் எரிந்துகொண்டும் மீதி அணைந்தும் இருப்பதை எந்த மென்பொருளைக் கொண்டு திருத்துவது?

திடல் நடையர்

விளக்குகளுக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் சூரியன் இருக்கும் பக்கத்தையும் இல்லாத பக்கத்தையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நானும் அதே பிழையைச் செய்து வாங்கிக்கட்டியவன்.

காலிமுகத்திடலில் சூரியன் நமக்கு முதுகுப்பக்கமாக, கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அந்நேரத்தில் மேற்கே கடலுக்கு மேல் மங்கலான ரோஸ் நிறப் பட்டை ஒன்றும், அதன் கீழே சாம்பல் நீலமும் தெரியும்; அந்தச் சாம்பல் நீலம் பூமியின் நிழல். இது தெரியாமல், ஒட்டும்போது வந்த நிறக்கோளாறு என்று நினைத்து, அந்த ரோஸை ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு அழித்தேன். அன்று என்னோடு நடக்க வந்திருந்த அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "கடலுக்கு மேல இருந்த ரோஸ் எங்கயடா?" என்று கேட்டார்.

மெல்ல மெல்ல மாறும் வேறுபாடு வானத்தினுடையது. ஒட்டுக்கோட்டில் படிபோல வெட்டி நிற்பதே கமராவினுடையது. இரண்டாவதை மட்டும் திருத்துங்கள். வில்லையின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி இதற்கு விதிவிலக்கு: சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தையே அது மிகவும் கறுப்பாக்குவதால், துறைமுகப் பக்கம் ஒன்றும் கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒன்றுமாக எனக்கு இரண்டு கருந்தூண்கள் கிடைத்தன. அவை மெல்லத்தான் மாறின, ஆனாலும் பிழைதான்.

தகரவேலி

எனது பனோரமாவை ஆறடி நீளத்துக்கு அச்சடித்த பிறகுதான், வானம் தகர வேலிபோல் வரிவரியாக இருந்தது கண்ணிற்பட்டது. கைத்தொலைபேசித் திரையில் அது தெரியவேயில்லை.

காரணம் வில்லையின் ஓர இருட்டு. ஒவ்வொரு படத்தின் மூலையும் சற்றுக் கறுப்பதால், ஒட்டும்போது கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி வருகின்றன. எனவே வில்லைத் திருத்தத்தை ஒட்டுவதற்கு முன்பே எல்லாப் படங்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே ஓட்டோ திருத்தத்துக்கு விடுவது கூடவே கூடாது, ஏனெனில் சூரியன் உள்ள படத்தை அது இருட்டாக்கி, அயற்படத்தை வெளுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குப் படம் கமரா உள்வாங்கிய வெளிச்ச அளவு, ஏற்கெனவே மாறியிருந்தால், லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் உள்ள மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ் என்ற கட்டளை, கமரா எழுதிவைத்த துவாரம், ஷட்டர், ஐஎஸ்ஓ அளவுகளைப் பார்த்து எல்லாப் படங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். விடியல் வெளுத்துக்கொண்டு போவதை அது அறியாது. அந்த மிச்ச வேறுபாட்டுக்கு, இலவசமாகக் கிடைக்கும் ஹகின் என்ற ஒட்டு மென்பொருள் நல்லது: இரு படங்கள் ஒன்றன்மேலொன்று விழும் பகுதியை ஒப்பிட்டு, வெளிச்சம், ஓர இருட்டு, வைற் பாலன்ஸ் மூன்றையும் அது கணக்கிடுகிறது. அதற்கு அயற்படங்கள் மூன்றிலொரு பங்களவு மேற்பொருந்தினால் நல்லது. மற்றவற்றை ஒப்பிடும் ஆதாரப் படமாகச் சூரியன் உள்ளதைத் தெரிவுசெய்யாதீர்கள். வெந்து வெளுத்த இடத்தில் ஒப்பிடுவதற்கு ஒன்றுமே இல்லை. நிறப்படிகள் குறைந்த எட்டு பிட் ஜேபெக்காகச் சேமித்தால் புதிதாக வரிகள் பிறக்கும், ஆகவே நிறப்படிகள் கூடிய பதினாறு பிட் டிஃப் கோப்பாகவே கடைசிவரை வைத்திருங்கள். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நிமிர்ந்தே ஏறுகிறது. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை என்று வைத்துக்கொண்டால், மூன்று நிமிடத்தில் அது முக்காற் பாகை ஏறிவிடும்; ஒன்பது படங்களுக்கு அவ்வளவு நேரம் எடுப்பது சோம்பல்.

மொட்டைமாடி

தகரவேலி ஐயா, நான் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவன். டிஃபும் ஹகினும் எனக்குச் சரிவராது. தெகிவளையில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து கைத்தொலைபேசியால் சுற்றி எடுத்தபோது, சூரியனில் தொடங்கினால் மற்றப் பக்கமெல்லாம் கரிச்சட்டி, கடற்பக்கம் தொடங்கினால் சூரியன் இருந்த இடத்தில் வெள்ளைப் பொத்தல். தொடங்கும் இடத்தின் வெளிச்சத்தையே எனது தொலைபேசி கடைசிவரை பிடித்துக்கொள்கிறது என்று விளங்கியபின், சூரியனுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வானத்தில் விரலை அழுத்திப் பூட்டிவிட்டே தொடங்குகிறேன்.

பேரைக்கரையான்

திடல் நடையர் சொன்னது உறைத்தது. கோபுரப் பக்கத்தின் இருட்டை அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். விளக்குகளை அழிக்க முயலவில்லை. இன்று காலை மீண்டும் போய், அவை அணையும்வரை காத்திருந்து, வைற் பாலன்ஸைப் பூட்டி, ஒன்பது படங்களையும் ஒரு நிமிடத்துக்குள் எடுத்தேன். ஒட்டுக்கோடு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஐந்தாவது படத்தில் இருந்த கூழைக்கடா ஆறாவதற்கும் நீந்தி வந்திருக்கிறது. இப்போது வாவியில் ஒரே பறவை இரண்டாக நிற்கிறது.