உப்புவெளியில ஆர்கேட் பெட்டி செய்யப் போறன், எந்தப் பலகை நல்லம்?

கடற்கரைவீடு:
வணக்கம். பிள்ளையளுக்கு லீவு விட முதல் கடையள்ல காசு போட்டு விளையாடுற கேம் மெசின் மாதிரி வீட்டில ஒரு ஆர்கேட் பெட்டி செய்யோணும், ரெண்டு பேர் நிண்டு விளையாடுற அளவில. ராஸ்பெரி பை 4 எண்ட சின்னக் கொம்பியூட்டர் ஒண்டும் பழைய 19 இஞ்சி சதுர மொனிட்டரும் கிடக்கு. எம்டிஎஃப் (மரநாரை அமத்திச் செய்த பலகை) மலிவு, வெட்டவும் லேசு எண்டு ஓடாவியார் சொல்றார், ஆனா போன மாரிக்கு எங்கட எம்டிஎஃப் சப்பாத்து றாக்கையின்ர அடி தேத்தண்ணில தோய்ச்ச பாண் மாதிரி ஊதி உதிர்ந்துபோச்சு, அதான் பயமாக்கிடக்கு. மற்றது ஜோய்ஸ்டிக்கை வயர் பண்ணிப் பாத்தன், வலப்பக்கம் தள்ள இடப்பக்கம் போகுது, மேல தள்ள கீழ போகுது. வயரெல்லாம் சொருகுற போர்ட் பழுதோ?

மூண்டாம்மாடி:
தம்பி, கடலுக்குக் கிட்ட எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம். எம்டிஎஃப் பலகை முகத்தால விட வெட்டின ஓரத்தாலதான் கூடத் தண்ணி குடிக்கும். ஈரத்தைத் தாங்கிற மரைன் ப்ளைவூட் 18 மில்லிமீற்றர் எடுங்கோ, காசு கூடத்தான், ஆனா நான் செய்த பெட்டி ரெண்டு மாரி கண்டும் ஒரு ஓரமும் விரியேல்ல. ப்ளைவூட் எண்டாலும் வெட்டின ஓரம் எல்லாத்துக்கும் சீலர் ரெண்டுதரம் அடிச்சு, காய்ஞ்சாப் பிறகு பெயின்ட் அடியுங்கோ, பட்டன் ஓட்டையின்ர உள்பக்கத்தையும் விடாதேங்கோ. அடியில ரப்பர் கால் போட்டு நிலத்தில இருந்து கொஞ்சம் உயர்த்துங்கோ. ஆணி இரும்பில வேண்டாம், கறள் பிடிச்சு வெள்ளைப் பெயின்ட்ல வடியும். ஸ்டெயின்லெஸ் போடுங்கோ.

பட்டன்ராசா:
அண்ணை போர்ட் பழுதில்லை, பயப்படாதேங்கோ. நாலு மைக்ரோசுவிச் வைச்ச ஜோய்ஸ்டிக்தானே, பிடியை வலப்பக்கம் தள்ள கீழ இருக்கிற தண்டு இடப்பக்கம் சரிஞ்சு அங்க இருக்கிற சுவிச்சைத்தான் அமத்தும். நீங்கள் சுவிச் இருக்கிற பக்கத்தைப் பாத்து வயர் குடுத்திருப்பியள். எதிர்ப்பக்கச் சுவிச்சுக்கு மாத்திக் குடுங்கோ, சரிவரும்.

பட்டன் ஒரு ஆளுக்கு 6 வையுங்கோ. 1991ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு மூண்டு குத்தும் மூண்டு உதையும் வேணும், நியோ ஜியோ எண்ட பழைய மெசின்ர கேமுகளுக்கு நாலு காணும். அதோட கொயின், ஸ்டார்ட் எண்டு ரெண்டு. ஓட்டை போட முதல் பட்டனை அளந்து பாருங்கோ, 28 மில்லிமீற்றரும் இருக்கு 30ம் இருக்கு, முதல்ல கழிவுப் பலகைத் துண்டில ஒண்டு போட்டுப் பாக்கிறது நல்லம். உங்கட மொனிட்டர்ல விஜிஏ மட்டும் எண்டா கன்வெர்ட்டர் வேணும், சத்தத்தை ராஸ்பெரி பையின்ர 3.5 மில்லிமீற்றர் ஹெட்போன் ஜாக்கால எடுக்கலாம்.

கடற்கரைவீடு:
வயரை மாத்தினன், சரிவந்திட்டுது! பெரிய உபகாரம் தம்பி. அண்ணை, ப்ளைவூட்தான் எடுக்கிறன். ஆனா சில கேம் திறக்குதில்லை, கறுப்புத் திரை வந்து திரும்ப மெனுவுக்கே போகுது, சிலவேளை மூலையில மின்னல் அடையாளமும் வருது.

பட்டன்ராசா:
மின்னல் எண்டா கரண்ட் காணாது, போன் சார்ஜரைக் கழட்டிப்போட்டு 5 வோல்ட் 3 அம்பியர் ஒண்டு போடுங்கோ. கேம் திறக்காட்டி அனேகமா ஃபைலின்ர வெர்ஷன் ஒத்துவரேல்ல, பழைய ஆர்கேட் கேமுகளை ஓட்டுற மேம் 2003 எண்ட புரோகிராமுக்கு 0.78 வெர்ஷன் கேம் ஃபைல் செட்தான் வேணும், வேற வெர்ஷன் ஃபைல் போட்டா இப்பிடித்தான் சில கேம் திரும்பி வந்திடும். நியோ ஜியோ எண்டா அந்த மெசினைத் தொடக்கிற பயாஸ் ஃபைலும் கேமுக்குப் பக்கத்தில கிடக்கோணும்.

மூண்டாம்மாடி:
இன்னொண்டு. பிள்ளையளுக்கு மெனுவால ஓஃப் பண்ணப் பழக்குங்கோ, பிளக்கை இழுக்க விடாதேங்கோ. மாரிக்கு எங்கட பக்கம் கரண்ட் நிண்டு நிண்டு வரேக்க என்ர மெமரி கார்ட் ஒரே இரவில பழுதாப்போய் எல்லாம் திரும்பப் போட வேண்டி வந்தது. எல்லாம் சரிவந்த அண்டைக்கே கார்டை அப்பிடியே ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ.