ஸ்டோன்வேர் கப்: பார்சலில் கைப்பிடி உடையுது, அடியில் ஈரம் கசியுது, சந்தைக்கு என்ன விலை வைக்கலாம்?

தண்டையார்பேட்டை மண்

வணக்கம். தண்டையார்பேட்டையில் மாடி அறையில் ஒரு மின்சூளை வச்சு கப் செய்றேன். கோன் 6 சூட்டில் (சுமார் 1222 டிகிரி) கெட்டியா வேகுற ஸ்டோன்வேர் மண், மாசம் நூறு கப் வரைக்கும் வருது. இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புறேன். பத்து பார்சலில் ரெண்டு மூணு கைப்பிடி உடைஞ்சு போய்ச் சேருது. மூணு சுத்து பபிள் ரேப் போட்டுத்தான் அனுப்புறேன். இன்னொண்ணு, டீ ஊத்தி வச்சா மேசையில் ஈர வட்டம் விழுதுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. ஒரு கப்பில் கிளேஸ் (கண்ணாடி மாதிரி மேல்பூச்சு) மேலே முடி மாதிரி கோடு வந்திருக்கு. டிசம்பரில் தென்சென்னையில் ஒரு கைவினைச் சந்தையில் முதல் ஸ்டால் போடப் போறேன். கப்புக்கு 250 வைக்கலாமா?

ராயபுரம் அட்டைப்பெட்டி

சகோ, பபிள் ரேப்பை எத்தனை சுத்து சுத்துறீங்கங்கிறது விஷயமே இல்லை. கப்பையும் கைப்பிடியையும் சேர்த்து இறுக்கி சுத்தினா, பெட்டி கீழே விழும்போது அடி முழுக்க வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற கைப்பிடிக்குத்தான் போகும். முதல்ல கைப்பிடி வளையத்துக்குள்ள டிஷ்யூ பேப்பரை உருட்டி அடைங்க. கப்புக்குள்ளயும் காகிதத்தைக் கசக்கி நிரப்புங்க. அப்புறம் பபிள் ரேப் ரெண்டே சுத்து. உள்பெட்டியில் வைக்கும்போது கைப்பிடி பெட்டியோட மூலையைப் பாத்து இருக்கணும், ஏன்னா மூலைக்குத்தான் இடம் அதிகம். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவுல ஆறு பக்கமும் 5 செ.மீ. இடம் விட்டு அதைக் கெட்டியா நிரப்பணும். ஆட்டிப் பாத்தா சத்தமே வரக்கூடாது. வெளிப்பெட்டி 5 பிளை, அதாவது அஞ்சு அடுக்கு அட்டை. முடிச்சதும் ஒரு பெட்டியை இடுப்பு உயரத்துல இருந்து ஒரு மூலை, ஒரு விளிம்பு, ஒரு பக்கம்னு மூணு தடவை சிமெண்ட் தரையில போட்டுப் பாருங்க. ஒரு கப் போனாலும் பரவாயில்லை, ஐம்பது பார்சல் பிழைக்கும்.

தட்டு அனுப்பினா படுக்க வைக்காதீங்க, விளிம்புல நிக்க வைங்க.

இனி காசு விஷயம். கூரியர்காரங்க பல பேர் நீளம் × அகலம் × உயரத்தை 5000-ஆல வகுத்து வர்றதையும் நிஜ எடையையும் பாத்து, எது அதிகமோ அதுக்குத்தான் காசு வாங்குவாங்க. ஒத்தைக் கப்புக்கு உள்பெட்டி 15×13×13, வெளிப்பெட்டி 25×23×23 செ.மீ.ன்னா 2.6 கிலோ கணக்கு வரும். கப்போட நிஜ எடை 350 கிராம்தான்! ரெண்டு கப்பை ஒரே பெட்டியில போட்டா 36×25×23, 4.1 கிலோ, ஒரு கப்புக்கு 2.1. நாலு கப்னா 36×36×25, கிட்டத்தட்ட 6.5 கிலோ, ஒண்ணுக்கு 1.6. அதனால ஒத்தையா விக்காம ஜோடியாவும் நாலாவும் விக்கறதுதான் புத்திசாலித்தனம். கேஷ் ஆன் டெலிவரி மட்டும் வேண்டாம். வாங்காம திருப்பி அனுப்பினா அதே பெட்டி ரெண்டாவது தடவை அடி வாங்கும், செலவும் உங்க தலையில.

ஐப்பசி கார்த்திகையில இன்னொரு கவனம்: நம்ம பக்கம் கடல் காத்தும் மழையும் சேர்ந்தா அட்டை ஈரம் குடிச்சுத் தொளதொளன்னு ஆயிடும். பெட்டியைத் தரையில அடுக்காம பலகை மேல, பாலித்தீன் மூடி வைங்க.

கோன் ஆறு

பார்சலைவிட அந்த ஈர வட்டம்தான் அவசரமான விஷயம். அதைச் சரி செய்யும்வரை தயவுசெய்து அந்த மண்ணில் புதிய ஆர்டர் எடுக்காதீர்கள்.

ஸ்டோன்வேர் சரியாக வெந்திருந்தால் கிளேஸ் இல்லாத அடிப்பகுதிகூடத் தண்ணீர் குடிக்கக் கூடாது. உடைந்த கப் ஒன்றின் துண்டை எடுத்து நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். 5 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதே தண்ணீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். ஈரத்துணியால் மேற்பரப்பை மட்டும் ஒற்றி எடுத்து மறுபடி எடை பாருங்கள். உதாரணமாக 312 கிராம் 327 ஆனால், கூடிய 15-ஐ 312-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 4.8 சதவீதம். டீ, காபி ஊற்றும் பாத்திரத்துக்கு 2-க்குக் கீழே வேண்டும், 1-க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

அதிகமாக வந்தால், பெரும்பாலும் சூளை உண்மையில் கோன் 6-ஐத் தொடவில்லை என்று அர்த்தம். கன்ட்ரோலர் 1222 டிகிரி காட்டுவதை நம்ப வேண்டாம். தெர்மோகப்புள் (சூளைக்குள் வெப்பம் அளக்கும் கம்பி) பழசானால் தவறாகக் காட்டும். சூளையின் மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்கும் வெப்பம் வேறுபடும். மேல், நடு, கீழ் என மூன்று தட்டிலும் 5, 6, 7 கோன்களை (அந்தந்தச் சூட்டில் வளையும் சிறு கூம்புகள்) வரிசையாக நிறுத்திச் சுடுங்கள். 5 முழுதாகச் சாய்ந்து, 6 வளைந்து நுனி அடித்தட்டைத் தொடும் அளவுக்கு வந்து, 7 லேசாக மட்டும் அசைந்திருக்க வேண்டும். கீழ்தட்டில் 6 நிமிர்ந்தே நின்றால், கசிந்த கப்புகள் அந்தத் தட்டில் இருந்து வந்தவைதான்.

முடிக்கோடு வேறு கதை. ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் அது இழுபட்டு வெடிக்கிறது. கிளேஸில் சிலிக்காவை 3, 6, 9 சதவீதம் கூட்டி மூன்று சோதனைத் துண்டு சுட்டுப் பாருங்கள். பிறகு அவற்றை ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்து, எடுத்ததும் கொதிநீரில் போடுங்கள். மூன்று முறை செய்தபின் மேலே மை தடவித் துடையுங்கள். கோடு தெரியாத கலவைதான் உங்களுக்கு. மண் வேகாமல் தண்ணீர் குடித்தாலும் அது மெல்ல ஊதி, விற்று மாதங்கள் கழித்துக்கூட இந்தக் கோடு வரும். ஆகவே முதலில் சூளை, பிறகு கிளேஸ்.

பச்சை, நீல மேட் கிளேஸ் போட்டால் எலுமிச்சைத் துண்டை ஒரு இரவு வைத்துப் பாருங்கள். நிறம் மங்கினால் உட்புறம் அதைப் பூசாதீர்கள். நிறம் மங்காததால் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் ஈயம், காட்மியம் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். அந்தத் தாள் கையில் வந்தபின் ‘உணவுக்கு ஏற்றது’ என்று எழுதுங்கள்.

கொசப்பேட்டை சக்கரம்

250 வேண்டாம்மா, நஷ்டம். கணக்கைப் பாருங்க. ஒரு கப்புக்கு மண் 30, கிளேஸ் 15ன்னு வச்சுக்குவோம். பிஸ்க் (கிளேஸ் போடுறதுக்கு முந்தின முதல் சூடு), கிளேஸ் சூடு ரெண்டும் சேர்த்து 40 கப்புக்கு 90 யூனிட் ஓடினா, யூனிட் 10 ரூபாய்னு போட்டா தலைக்கு 23. சக்கரத்துல ஏத்தி, சீவி, கைப்பிடி ஒட்டி, கிளேஸ் முக்கி, அடி தேய்ச்சு 35 நிமிஷம்; மணிக்கு 150 ரூபாய் கூலின்னா 88. ஆக 156. நூத்துக்கு 15 சூளையிலயே போகும், அதனால 156-ஐ 0.85-ஆல வகுக்கணும்: 184. உங்க கூலி ரேட்டையும் கரண்ட் பில்லையும் போட்டு நீங்களே மாத்திக்கோங்க, ஆனா கூலியைப் பூஜ்யமா போடாதீங்க. வீட்டுல செய்றவங்க எல்லாரும் செய்ற தப்பு அதுதான்.

ஸ்டால் வாடகை, குட்டியானை வண்டி, கூட ஒரு ஆளுக்குச் சாப்பாடு எல்லாம் 8000 ஆச்சு, 80 கப் வித்துச்சுன்னா ஒண்ணுக்கு 100. அப்பவே 284 வந்தாச்சு. 420, 450 வைங்க. பின்னாடி ஏதாவது கடை 40 சதவீதம் கமிஷன் கேட்டா 450-ல 270 கையில வரும், 184 போக 86 நிக்கும். 250-ன்னு ஆரம்பிச்சா கடைக்குக் குடுக்கவே முடியாது. சந்தையில ஒரு விலை, ஆன்லைன்ல ஒரு விலைன்னும் வேண்டாம்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல 300 மில்லி கப்பைக் கையில எடுத்துப் பாத்துட்டு கீழே வச்சுட்டுப் போறவங்க நிறைய. ஃபில்டர் காபிக்கு 150, 160 மில்லி போதும். சின்ன கப் சூளையிலயும் நிறைய ஏறும். பாதியாவது அந்த அளவுல கொண்டு போங்க. அளவை எழுதும்போது கப்பைத் தராசுல வச்சுத் தண்ணி ஊத்திப் பாருங்க, ஒரு கிராம் ஒரு மில்லி.

எண்ணூர் ரோடு கன்டெய்னர் லாரி நெரிசல்ல மாட்டாம விடிகாலையிலயே கிளம்பிடுங்க. தக்காளி கிரேட்ல அடுக்கினா ஒண்ணு மேல ஒண்ணு நிக்கும், சுமை கப் மேல விழாது. செய்தித்தாள் வேண்டாம், கிளேஸ் இல்லாத அடியில மை ஒட்டும். மேசை விரிப்பை அடியில கிளிப் போட்டு இறுக்குங்க, ஒரு குழந்தை இழுத்தா ஒரு வரிசை முழுக்கப் போயிடும். செங்கல்லும் பலகையும் வச்சு ரெண்டு படி கட்டுங்க, கண்ணு மட்டத்துல இருக்கிறதைத்தான் ஜனங்க எடுப்பாங்க. ஒவ்வொரு கப்புலயும் விலை ஒட்டணும். வெக்கப்பட்டுக் கேக்காமலே போறவங்க பாதிப் பேர். க்யூஆர் அட்டையை அச்சடிச்சு ரெண்டு இடத்துல வைங்க.

தண்டையார்பேட்டை மண்

எல்லாருக்கும் நன்றி. துண்டைக் கொதிக்கவச்சுப் பாத்தேன், 4.6 சதவீதம். கோன் வச்சதில் கீழ்தட்டில் 6 நிமிர்ந்தே நிக்குது. ஏற்கெனவே சுட்ட 60 கப்பை மறுபடி சுடலாமா? ஜிஎஸ்டி எடுக்கணுமா?

ராயபுரம் அட்டைப்பெட்டி

ஜிஎஸ்டிக்குச் சுருக்கமா: தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் பொருள் வித்தா வருஷம் 40 லட்சம் வரைக்கும் பதிவு கட்டாயமில்லை. பெரிய இணையதளங்கள் வழியா விக்கறதுக்கும் 2023 அக்டோபர் 1-லேர்ந்து மாநிலத்துக்குள்ள மட்டும்னா பான் வச்சு ஒரு பதிவு எண் வாங்கினாப் போதும். வெளி மாநிலத்துக்கு அனுப்புறதுன்னா ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) இலவசம், காசு கேக்கற தளத்துக்குப் போகாதீங்க.

கோன் ஆறு

மறுபடி சுடலாம், ஆனால் அறுபதையும் ஒரே தடவை ஏற்றாதீர்கள். தண்ணீர் குடித்த கப் உள்ளே ஈரத்தோடு இருக்கும்; வேகமாகச் சூடேற்றினால் ஆவி வெடிக்கும். முதலில் 90 டிகிரியில் 4 மணி நேரம் நிறுத்தி, பிறகு மணிக்கு 100 டிகிரி வீதம் ஏற்றுங்கள். கிளேஸ் ஒழுகக்கூடும், தட்டில் கிளின் வாஷ் (ஒழுகிய கிளேஸ் ஒட்டாமல் இருக்கப் பூசுவது) கெட்டியாகப் பூசுங்கள். நான்கு கப்பில் சோதித்து, அதில் ஒன்றை உடைத்து எடை போட்டு 2-க்குக் கீழே வந்தால் மீதியைச் சுடுங்கள். வராவிட்டால் பேனா ஸ்டாண்டு, உலர்பூக்குவளை என்று எழுதி விலை குறைத்து விற்கலாம். மேலே சீலர் (கசிவை அடைக்கும் பூச்சு) தடவி டீ கப்பாக விற்கவே வேண்டாம்.

அடுத்த சூளைக்குக் கீழ்தட்டை 5 செ.மீ. உயர்த்தி, உச்சத்தில் 15 நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அந்தத் தொகுதியில் கப் வாங்கியவர்களுக்கு இன்றே செய்தி அனுப்பி, மாற்றித் தருவதாகச் சொல்லிவிடுங்கள்.