ஒரு ஸ்மார்ட் போர்ட், 36 பிள்ளைகள்: எப்படிச் சமாளிக்கிறீங்க?

பட்டிப்பளை சேர்

வணக்கம். மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறன். தரம் 8, வகுப்பில 36 பிள்ளைகள். பழைய மாணவர்கள் சேர்ந்து ஸ்மார்ட் போர்ட் ஒண்டு வாங்கித் தந்திருக்காங்க. நல்லதுதான். ஆனா நடக்கிறது என்னெண்டா, முந்தி நான் பேசினன், இப்ப வீடியோவில ஆரோ பேசுறாங்க. பிள்ளை அப்பவும் பேசல்ல, இப்பவும் பேசல்ல. குழு வேலை குடுத்தா கெட்டிக்காரப் பிள்ளை ஒண்டு எழுதும், மற்றதெல்லாம் ஜன்னலால மாடு பார்க்கும். இன்டர்நெட்டையும் நம்ப ஏலாது. அடுத்த கிழமை மின்சுற்று தொடங்கணும். செய்து பார்த்தவங்க சொல்லுங்க. ஆசிரியர் வழிகாட்டியில உள்ளது வேணாம், அது என்னட்டயும் இருக்கு.

அக்கரைப்பற்று டீச்சர்

வீடியோவை விடுங்க சேர். போர்டில ஒரு கேள்விய மட்டும் போடுங்க: ஒரு பற்றரி, ஒரே மாதிரி ரெண்டு பல்ப், தொடரா இணைச்சிருக்கு. எது கூடப் பிரகாசமா எரியும்? முதலாவதா, ரெண்டாவதா, ரெண்டும் ஒண்டா?

பழைய கொப்பி மட்டையில மூணு நிறத்தில அட்டை வெட்டி எல்லாருக்கும் குடுங்க. நீங்க சொன்னதும் நெஞ்சோட சேர்த்துப் பிடிக்கணும். மேல தூக்க விட்டா பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து நிறம் மாறிரும்.

என்ட வகுப்பில கனபேர் முதலாவதுக்குத்தான் பிடிப்பாங்க. ஏன் எண்டா, "கரண்ட் முதல்ல அங்கதானே போகுது டீச்சர், அது கொஞ்சத்தைக் குடிச்சிரும்." இந்த நினைப்பு வெளியில வரத்தான் அட்டையே. விடையைச் சொல்லிராதீங்க. வேற நிறம் பிடிச்ச ஆளோட வாதாட விடுங்க, மறுகா திரும்ப அட்டை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில எரிக் மசூர் பௌதிக விரிவுரையில 1990களில கொண்டு வந்த முறை இது. சரியான விடை 30 வீதத்துக்கும் 70 வீதத்துக்கும் இடையில இருந்தா பேச விடுறது, குறைஞ்சா திரும்ப விளங்கப்படுத்துறது, கூடினா அடுத்ததுக்குப் போறது.

அதுக்குப் பிறகுதான் போர்ட். கொலராடோ பல்கலைக்கழகத்தின்ட ஃபெட் (PhET) செயலிகள் இலவசம், திரையிலயே பரிசோதனை செய்து பார்க்கலாம். அதில மின்சுற்று கட்டுற செயலியை வீட்டில இறக்கி பென்டிரைவில கொண்டு போங்க, இன்டர்நெட் இல்லாமலே ஓடும். அம்பியர்மானியை முதல் பல்புக்கு முன்னால வைச்சாலும் ரெண்டாவதுக்குப் பின்னால வைச்சாலும் ஒரே வாசிப்பு. போர்டைத் தொடுறது பிள்ளை, நீங்க பின் வாங்கில இருங்க.

கடைசியா உண்மையான ரோர்ச் பல்ப். வாங்கேக்க ரெண்டிலயும் ஒரே வோல்ட், ஒரே அம்பியர் போட்டிருக்கா எண்டு பாருங்க. வித்தியாசமா இருந்தா ஒண்டு மங்கும், "பார்த்தீங்களா, குடிச்சிட்டு" எண்டு நிப்பாங்க. அப்படி நடந்தா பல்ப் ரெண்டையும் இடம் மாத்தச் சொல்லுங்க. மங்கல் பல்போடயே போகும், இடத்தோட நிக்காது. அந்தச் சண்டை நல்ல சண்டை.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், கல்முனை

டீச்சர் சொன்னதே சரி. 2007 பாடத்திட்ட மாற்றத்தோடு 5ஈ முறை (ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என ஐந்து படிகளில் கற்பிப்பது) வந்தபோது நான் பார்த்த வகுப்புகள் பலவற்றில் ஐந்து படிகளும் பாடக்குறிப்பில் இருக்கும். வகுப்பில் டிமை தாள், அதாவது குழு எழுதிய பெரிய தாள், ஒட்டுவது மட்டுமே நடக்கும். இப்போது டிமைக்குப் பதில் திரை.

குழுவுக்கு நான்கு பேர் போதும். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4 வரை ஓர் எண். எந்த எண்ணைக் கூப்பிடுவீர்கள் என்பதைக் கடைசி வரை சொல்லாதீர்கள். கூப்பிட்ட பிள்ளை விளக்கத் தவறினால் குழுவுக்கே புள்ளி இல்லை. பிறகு கெட்டிக்காரப் பிள்ளை தனியே எழுதிக்கொண்டிருக்காது, மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும்.

வெல்லாவெளி அம்மா

எல்லாம் நல்லம் சேர். ஆனா கொப்பியில ஒண்டும் இல்லாட்டி தவணைப் பரீட்சைக்கு எதைப் படிக்கிற? எங்கட மகள் "இண்டைக்கு விளையாடினம்" எண்டு சொல்லிக்கொண்டு வாறா.

பட்டிப்பளை சேர்

அம்மா கேட்டது ஞாயம். கடைசிப் பத்து நிமிசம் எழுத விடுறன்: முதல்ல எந்த அட்டை பிடிச்சன், ஏன் மாத்தினன், அதோட சுற்றுப்படம். நான் சொல்லி எழுதுற நோட்ஸ் இல்ல, ஆனா கொப்பி வெறுமையா வராது.

டீச்சர், நம்மட போர்ட் ஆண்ட்ராய்டில ஓடுறது. ஃபெட் கோப்பை அதில நேர திறக்க ஏலுமா, இல்லாட்டி லேப்டொப் கொண்டு போகணுமா?